மலையின் கதையை யார் வரைவது?



பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில் அடுக்கம் இருக்கிறது. சங்கத் தமிழில் அடுக்கம் என்றால் மலைச்சாரல். இந்தப் பழனி மலைச்சாரலின் மரங்களையும் பறவைகளையும் விலங்குகளையும் வைத்துக் குழந்தைகளுக்கு ஓர் அனிமேஷன் தொடர் செய்ய வேண்டும் என்ற பேச்சு நம் நண்பர்களிடையே அடிக்கடி எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் முதல் கோட்டை இழுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மலையில் மனிதர்கள் இருப்பார்களா? இருந்தால், யார்?

இதுவரை நம் பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். 2007இல் சுட்டி டிவி வந்தது. டோராவும் புஜ்ஜியும் நம் வீடுகளில் தமிழ் பேசினார்கள். 2008இல் சோட்டா பீம் வந்தான். வேட்டி கட்டிய கிராமத்துச் சிறுவன் என்பதால் நமக்கும் பிடித்தது. ஆனால் அவனுக்கு எதிராக நிற்கும் முரட்டுப் பையனைக் கவனியுங்கள். அவன் தோல் கறுப்பு; பெயரே காலியா. பள்ளி மைதானத்தில் நம் பிள்ளையின் மேல் விழும் பட்டப்பெயர் எங்கே பயிற்சி பெறுகிறது என்று நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

காட்டைப் பற்றிய படம் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது மோக்லி. 1894இல் கிப்ளிங் எழுதிய ‘ஜங்கிள் புக்’, 1990களில் தூர்தர்ஷன் வழியாக வீடு வீடாக வந்தது. அதில் காடு விலங்குகளின் நாடு. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்து, அதைக் காத்து, அதற்குப் பெயர் வைத்த மக்களுக்கு அந்தக் கதையில் இடமில்லை. இப்படி ஆளில்லாத காட்டைப் பார்த்து வளர்ந்த குழந்தை பின்னாளில் அதிகாரியானால், காட்டுக்குள் குடிசையைக் கண்டதும் ‘ஆக்கிரமிப்பு’ என்றுதான் எழுதும். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. பளியர்கள் அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அந்த மலையில் வாழ்கிறார்கள். இந்த வரிசையைக் குழந்தைகளுக்குச் சொல்லாத தொடர், எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய்தான்.

‘மண்ணின் இயற்கை’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. கொடைக்கானல் என்றதும் சினிமா நமக்குக் காட்டுவது பைன் காடு. பைன், யூகலிப்டஸ், வாட்டில் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மலையின் சொந்த முகம் சோலைக்காடும் புல்வெளியும். ஆங்கிலேய ஆட்சி அந்தப் புல்வெளிகளைப் பயனற்ற நிலம் என்று கணக்கில் எழுதியது. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குக் கொடுப்பவை அதே புல்வெளிகளும் சோலைகளும்தான். உழைக்கும் ஒன்றை உதவாதது என்று எழுதி வைப்பது நமக்குப் புதிய செய்தியா என்ன? பழனிச் சிரிப்பான் என்ற பறவையின் அறிவியல் பெயரில் ஃபேர்பாங்க் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பெயர் இருக்கிறது. அந்தப் பறவையை மலைமக்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று போய்க் கேட்பதே தொடரின் முதல் அத்தியாயமாக இருக்கலாம்.

வேறு வழி உண்டா? உண்டு. 2011இல் வெளிவந்த ‘பீமாயணா’வை எடுத்துப் பாருங்கள். அண்ணலின் வாழ்க்கையைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்தார்கள். காமிக்ஸ் என்றாலே கட்டம் கட்டமாக இருக்கும். அவர்கள் யாரையும் கட்டத்துக்குள் அடைக்க மறுத்தார்கள். அன்பாகப் பேசுபவரின் சொற்கள் பறவை வடிவில் இருக்கும். சாதி விஷத்தைக் கக்குபவரின் சொற்களுக்குத் தேளின் கொடுக்கு இருக்கும். இயற்கை அங்கே பின்னணித் திரை அல்ல. அதுவே கதை சொல்கிறது. தலித் வரலாறும் பழங்குடிக் கலையும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திரையிலும் இது நடந்திருக்கிறது. 2017இல் ஆஸ்திரேலியாவில் ‘லிட்டில் ஜே அண்ட் பிக் கஸ்’ வந்தது. பூர்வகுடிச் சிறுவனும் அவனுக்கு ஒன்றுவிட்ட அக்காவும் பாட்டி வீட்டில் வளரும் கதை. அதன் அத்தியாயங்களுக்குப் பூர்வகுடி மொழிகளிலும் குரல் கொடுக்கப்பட்டது. 2019இல் அமெரிக்காவில் ‘மாலி ஆஃப் டெனாலி’ வந்தது. அலாஸ்கா பூர்வகுடிச் சிறுமிதான் நாயகி. அந்தச் சமூகத்தவர்களே ஆலோசகர்களாகவும் எழுத்தாளர்களாகவும் குரல் கலைஞர்களாகவும் இருந்தார்கள். இந்த இரண்டிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகாரப் பங்கீட்டை. படம் முடிந்த பிறகு கூப்பிட்டுக் காட்டுவது பிரதிநிதித்துவம் ஆகாது.

அப்படிச் செய்தால் கதையே மாறும். 1960களில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்த பீட்டர் கார்ட்னர், சண்டையைத் தவிர்ப்பது அவர்களின் வாழ்க்கை நெறி என்று பதிவு செய்தார். மனத்தாங்கல் வந்தால் விலகிப் போவார்கள். யாரையும் தரக்குறைவாக நடத்தக்கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு குத்தில் முடியும் கார்ட்டூன்களுக்கு நடுவே, யாரையும் அடிக்காமல், அவமானப்படுத்தாமல் சிக்கல் தீரும் ஒரு தொடரை நினைத்துப் பாருங்கள். சாதிச் சமூகத்தின் பிள்ளைகள் பார்க்க வேண்டிய பாடம் அதுவல்லவா?

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நாம் ஒடுக்கப்பட்டவர்கள் என்பதாலேயே பளியர்களின் கதை நம்முடையதாகிவிடாது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் போராடிவரும் மலைப்புலையர்களுக்காக நாம் பேசிவிடவும் முடியாது. காபித் தோட்டங்களில் உழைக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகளின் கதையை நாம் சொல்லலாம். மற்றவர்களின் கதைக்கு அவர்களின் சம்மதமும் கையும் வேண்டும். இது வெறும் நாகரிகமும் அல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ட) அல்ல, ஆங்கில வரிசையில் ‘கே’ என்ற உட்பிரிவில், பல்லுயிர் சார்ந்த மரபறிவும் அறிவுசார் சொத்தும் காடுவாழ் மக்களின் சமூக உரிமை என்கிறது. தேன் எடுக்கக் கொடியில் கயிறு திரித்துப் பாறையில் இறங்கும் அறிவை இலவசக் கதைக்கருவாக அள்ளிக்கொண்டு வருவதும் ஒரு சுரண்டல்தான்.

பணம் இல்லையே என்பீர்கள். கணக்குப் போடுவோம். விநாடிக்கு 12 படம் வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு 1,440 படங்கள். வெட்டி ஒட்டிய உருவங்களை நகர்த்தும் முறையில் இந்த வேலை வெகுவாகக் குறையும். பிளெண்டர், கிருத்தா, ஓப்பன்டூன்ஸ் ஆகிய மென்பொருள்கள் இலவசம். கணினி படிக்கும் மாணவர்களும் ஓவியம் படிக்கும் மாணவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் முயற்சி இரண்டு நிமிடமாகவே இருக்கட்டும். ஆனால் கதை சொன்ன பாட்டியின் பெயர் முதலில் வரட்டும். குரல் கொடுத்த குழந்தைக்கும் வரைந்த கைக்கும் கூலி போய்ச் சேரட்டும். ஊர்க்கூட்டத்தில் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு மட்டும் வெளியே வரட்டும்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, 2018இல் இந்த மலையில் பூத்தது. அடுத்து 2030. அன்று கேமராக்கள் மலையேறும், பூவைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். அதற்குள் அடுக்கத்துப் பிள்ளை ஒன்று தன் மலையைத் தானே வரைந்து, தன் குரலில் கதை சொல்லித் திரையில் பார்த்திருக்க வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் பென்சிலை எடுப்பதற்கு முன் மலைக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

ஜெய்பீம்!