செவிலியர் போடும் ஊசி: அனுமதி சுற்றறிக்கையில், தண்டனை சட்டத்தில்

புது தில்லி: துணை சுகாதார நிலையத்தில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்றால், அங்கே பணியிலிருக்கும் துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) என்ன செய்ய வேண்டும் என்பதில் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஐயம் ஏதுமில்லை. ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் 20 யூனிட் ஆக்ஸிடோசின் கலந்து, ரத்தக்குழாயில் ஊசியைச் செருகி, சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கிவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 2005 ஏப்ரலில் வெளியிடப்பட்டு, 2010-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள் கூறுவது இதைத்தான். ஆனால், அந்தப் பெண் வழியிலேயே இறந்து, உறவினர்கள் காவல் நிலையத்துக்குச் சென்றுவிட்டால் அந்தச் செவிலியருக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும் என்ற கேள்விக்கு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களில் நேரடியான பதில் இல்லை.

முன்பு இக்கேள்விக்கு இத்தனை அழுத்தம் இருந்ததில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர் யாராயினும் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்றது. அபராதத்தோடு விட்டுவிடவும் நீதிமன்றத்துக்கு இடமிருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆவது பிரிவு அந்தத் தண்டனையை 5 ஆண்டாக உயர்த்தியது. அதே பிரிவு, மருத்துவ சிகிச்சையின்போது நேரும் மரணத்துக்கு, பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு என்ற வரம்பை வைத்தது. 'பதிவு பெற்ற மருத்துவர்' யார் என்பதற்கு அங்கேயே விளக்கமும் உண்டு: தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவத் தகுதி பெற்று, பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியர் இதில் வரமாட்டார்.

ஆக, ஒரே படுக்கையருகே நின்று, ஒரே நோயாளிக்கு, ஒரே மருந்தை ஏற்றிய இருவரில் உத்தரவிட்டவருக்கு 2 ஆண்டு, அதை நிறைவேற்றியவருக்கு 5 ஆண்டு என்று அரசுத் தரப்பு வாதிட இந்த வாசகம் வழிவிடுகிறது.

இந்தப் பிரிவு நாடாளுமன்றத்தைக் கடந்த விதமும் நினைவுகூரத் தக்கது. 2023 ஆகஸ்ட் 11-இல் அறிமுகமான முதல் மசோதா 7 ஆண்டு சிறை என்றது. உள்துறைக்கான நிலைக்குழு அதை 5 ஆண்டாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. டிசம்பர் 20-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் திருத்தப்பட்ட மசோதா நிறைவேறியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டு அவைக்கு வெளியே இருந்தனர். விவாதத்துக்குப் பதிலளித்த உள்துறை அமைச்சர் அமித் ஷா, இந்திய மருத்துவச் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று மருத்துவர்களுக்கு விலக்கு அளிப்பதாகக் குறிப்பிட்டார். சட்ட வாசகத்தில் கிடைத்தது முழு விலக்கு அல்ல, குறைந்த தண்டனை மட்டுமே என்று மருத்துவர்கள் பின்னர் குறைபட்டுக்கொண்டனர். அந்தக் குறைந்த தண்டனையும் கிடைக்காத செவிலியர்களைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

முரண் என்னவென்றால், செவிலியர் தொழிலை ஒழுங்குபடுத்தும் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணைய மசோதாவும் அதே 2023-ஆம் ஆண்டின் மழைக்காலக் கூட்டத்தொடரில்தான் நிறைவேறியது. மக்களவையில் ஜூலை 28-ஆம் தேதி, மணிப்பூர் விவகாரத்தால் எழுந்த கூச்சலுக்கிடையே. மாநிலங்களவையில் ஆகஸ்ட் 8-ஆம் தேதி. தண்டனை மசோதா அறிமுகமானது அதற்கு மூன்றே நாள் கழித்து. 1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக வந்த இந்தச் சட்டம் கல்வித் தரம், பதிவேடு, 29 உறுப்பினர் ஆணையம், மாநில ஆணையங்கள் என்று பலவற்றை வகுத்தது. எந்த நிலைச் செவிலியர் எந்தச் சிகிச்சையைத் தாமே செய்யலாம், எதை மருத்துவர் உத்தரவின்பேரில் மட்டும் செய்யலாம் என்ற பட்டியல் சட்டத்தின் உடலில் இடம்பெறவில்லை.

பட்டியல் இல்லாமலேயே வேலை நடந்து வருகிறது என்பதுதான் நிலைமை. வலிப்புடன் வரும் கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்ஃபேட் முதல் தவணையாக 10 கிராமை, இரு பிட்டங்களிலும் பாதிப் பாதியாகத் தசையில் போட்டு அனுப்புவதற்குத் துணைச் செவிலியருக்கு அனுமதி உண்டு. நச்சுத்தொற்று கண்ட பச்சிளங்குழந்தையைப் பெற்றோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாத அல்லது மறுக்கும் நிலையில் ஜென்டாமைசின் ஊசி போட 2014 பிப்ரவரியில் அனுமதி வந்தது. குறைப்பிரசவ வலி கண்டவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் முதல் தவணை அதே ஆண்டு ஜூனில் சேர்ந்தது. இவை அனைத்தும் அமைச்சகத்தின் நிர்வாக ஆணைகள். மருந்து விதிகளின் 'கே' அட்டவணை, அரசுத் திட்டங்களின்கீழ் சுகாதாரப் பணியாளர் மருந்து வழங்க விற்பனை உரிமத்திலிருந்து விலக்கு தருகிறது. அது மருந்தைக் கையிலிருந்து கொடுப்பதற்கான விலக்கே தவிர, நோயைக் கணித்து ஊசியைத் தீர்மானிக்கும் அதிகாரம் அல்ல. பதிவு பெறாதவர் மருத்துவம் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது சுற்றறிக்கை.

இந்த அனுமதிகள் வீணாக வழங்கப்பட்டவை அல்ல. பேறுகால மரணங்களில் 38 சதவீதம் உதிரப்போக்கால் நேர்ந்தவை என்று மாதிரிப் பதிவு ஆய்வு 2001-03 காலத்துக்குக் கணக்கிட்டது. 2004-06-இல் லட்சம் பிரசவங்களுக்கு 254 ஆக இருந்த தாய்மார் இறப்பு விகிதம் 2019-21-இல் 93 ஆகக் குறைந்துள்ளது. இதற்குக் காரணங்கள் பல. மருத்துவமனைப் பிரசவம் பெருகியது அவற்றில் முதன்மையானது. எனினும், மருத்துவர் வரும்வரை காத்திராமல் முதல் ஊசியைப் போட்ட கைகளுக்கும் அதில் பங்குண்டு. மருத்துவர் வருவார் என்று காத்திருப்பதற்கும் பல இடங்களில் வழியில்லை. 2022-ஆம் ஆண்டின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் சுமார் 80 சதவீதம் பற்றாக்குறை.

மறுபக்கம் அஞ்சுவதற்கும் காரணம் இருக்கிறது. தனியார் மருத்துவமனை ஒன்றில், பதிவு பெற்ற தகுதியில்லாத செவிலியர் ரத்தக்குழாயில் செலுத்திய ஊசியால் குழந்தையின் இதயம் நின்று, மூளை மீளாத பாதிப்புக்கு உள்ளான வழக்கில், குழந்தைக்கு பன்னிரண்டரை லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் இழப்பீடு வழங்கும் உத்தரவை உச்ச நீதிமன்றம் 1998 மார்ச்சில் உறுதி செய்தது. தசையில் போடும் ஊசியைவிட ரத்தக்குழாயில் செலுத்தும் மருந்து நொடிகளில் வேலை செய்கிறது. தவறும் அதே வேகத்தில் வேலை செய்கிறது. எனவே வரம்பே வேண்டாம் என்று பொறுப்புள்ள எவரும் கூறுவதில்லை. அந்த வரம்பு எங்கே எழுதப்பட வேண்டும் என்பதுதான் வழக்கு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அது சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. அங்கே தொழிற்பயிற்சிச் செவிலியர் எனப்படும் கீழ்நிலைச் செவிலியர், உரிய பயிற்சிச் சான்று இருந்தால் மருத்துவர் உத்தரவின்பேரில் ரத்தக்குழாயில் திரவம் ஏற்றலாம். பொதுவாக அதன் வழியே மருந்து செலுத்தக் கூடாது. கோடு குறுகலானதுதான். ஆனால் கோடு எங்கே என்பது செவிலியருக்கும் தெரியும், வழக்கறிஞருக்கும் தெரியும்.

இங்கே கோடு போட முயன்ற மாநிலத்தின் அனுபவம் கசப்பானது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் கிராமங்களில் வரையறுக்கப்பட்ட சிகிச்சை அளிக்க வகை செய்து அசாம் 2004-இல் சட்டம் இயற்றியது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2014-இல் அதைச் செல்லாது என்றது. மருத்துவக் கல்வியின் தரத்தை வகுப்பது மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24-இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. இடைக்காலத்தில், 2015-இல், அதே பட்டயதாரிகளை மருத்துவர் என்ற நிலையில் வைக்காமல் சமுதாய சுகாதாரப் பணியாளர்களாகப் பதிவு செய்ய அசாம் கொண்டுவந்த மற்றொரு சட்டம் மட்டும் தப்பியது. மருத்துவர் போல நடத்தினால் சட்டம் விழும், வேறொரு வகைப் பணியாளராக வரையறுத்தால் நிற்கும் என்பதே அதிலிருந்து மாநிலங்கள் கற்றது.

மத்திய அரசுக்கு அந்தத் தடை இல்லை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, நவீன மருத்துவத்தோடு தொடர்புடையவர்களுக்குச் 'சமுதாய சுகாதார வழங்குநர்' என்று வரம்புக்குட்பட்ட உரிமம் தர அனுமதிக்கிறது. ஆரம்ப மற்றும் தடுப்பு சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதலாம். மற்றவற்றில் மருத்துவர் மேற்பார்வை வேண்டும். உரிமம் பெற்ற மருத்துவர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவர்கள் போகக் கூடாது. இந்த மசோதாவை எதிர்த்து 2019 ஜூலை 31-இல் இந்திய மருத்துவச் சங்கம் நாடு தழுவிய 24 மணி நேர வேலைநிறுத்தம் நடத்தியது. அரைகுறை மருத்துவர்களை உருவாக்குகிறார்கள் என்பது அவர்களது குற்றச்சாட்டு. 'மருத்துவர்' என்ற சொல்லின் மதிப்பைக் காப்பதில் சங்கம் காட்டும் விழிப்பு புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் மருத்துவர் செல்லாத ஊர்களில் ஊசி போடுபவர் யார் என்ற கேள்விக்கு அந்த விழிப்பு பதிலாகாது.

இனி இரு வழிகள் இருக்கின்றன. செவிலியர் ஆணையத்தின் விதிமுறைகளில், துணைச் செவிலியர், பட்டயச் செவிலியர், பட்டதாரிச் செவிலியர் ஆகிய ஒவ்வொரு நிலைக்கும் தசை ஊசி, ரத்தக்குழாய் ஊசி, சொட்டு மருந்து என்று தனித்தனியே பட்டியலிடுவது ஒன்று. இதற்கு மசோதா தேவையில்லை. மற்றொன்று, 106-ஆவது பிரிவின் விளக்கத்தில் அந்த விதிமுறைகளுக்கு உட்பட்டுச் செயல்பட்ட செவிலியரையும் சேர்ப்பது. அதற்கு நாடாளுமன்றம்தான் வழி. 2005 ஆகஸ்டில் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பாதுகாப்பு, அதாவது வழக்குப் போடுமுன் வேறொரு மருத்துவ வல்லுநரின் கருத்தைக் காவல் துறை பெற வேண்டும் என்பது, மருத்துவரைக் குறித்தே எழுதப்பட்டது. அதைச் செவிலியருக்கும் விரிக்க மாநில உள்துறைகள் ஓர் ஆணை பிறப்பித்தாலே போதும்.