பெருங்குடல் புண் வெட்கப்படும் நோயல்ல!

செர்காம் வட்டாரத் தோட்டத் தோழர்களே! இரத்தமும் சளியுமாகப் பேதி போனால் "மூலந்தான்" என்று வாய்மூடியிருப்பது நம்மவர் வழக்கம். வாரக்கணக்கில் நீடித்தால் அது பெருங்குடல் புண்ணாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். இந்நாட்டில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடையே இது அதிகம் என்று ஆய்வுகள் கண்டுள்ளன. தொற்றுநோயல்ல, உடனிருந்து உண்ணலாம். அடங்கும், மறுபடி கிளம்பும். அடங்கியதும் தாமாகவே மருந்தை நிறுத்துவோர் மீண்டும் படுக்கும் வாய்ப்பு அதிகம்.

விடியுமுன் நிரைக்குப் போகிறவர் பத்து முறை ஓட நேர்ந்தால் எங்கே போவார்? பால்மரத்தடிக்கா? (பெண்கள் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ!)

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்துடன் நோய்விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுத்தால் 60 நாள். 2023 முதல் அந்த 22 இதில் கழிக்கப்படுவதில்லை. கிராணிமாரே, டாக்டர் சீட்டோடு வருபவரைச் "சாக்கு" என்று சொல்லித் திருப்பாதீர்கள். நிர்வாகம் முதலில் நிரைக்கு அருகே கழிப்பிடம் கட்டட்டும்.