ஒரு வலையின் விலை

என் சாச்சா கற்பிட்டிக் கடலில் திருக்கை வலை போடுகிறவர். சென்ற வருடம் ஒரு நாள் சுபஹுத் தொழுகை முடிந்து கடலுக்குப் போனவர், வெறுங்கையோடு கரைக்கு வந்தார். வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கடற்பசு வந்து மாட்டிக்கொண்டதாம். சிக்கெடுத்து விடுவதற்கு அவகாசம் இல்லை. கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டார்.

“மகள், அது மேல வந்து மூச்சு விட்ட சத்தம், மனுசன் மூச்சு விட்ட மாதிரி இருந்திச்சி” என்று என்னிடம் சொன்னார். சாச்சிக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. “அவர் அறுத்தது வலய இல்ல, எங்கட சோத்த” என்றார்.

சாச்சி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வலை முதலாளியிடம் கடனுக்கு வாங்கியது. எனது இரசாயனவியல் வகுப்புக்குக் காசு தருவதாகச் சொல்லியிருந்தவரும் சாச்சாதான். இரண்டு மாதங்கள் நான் வகுப்புக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்கு அந்தக் கடற்பசுவின் மீதே கோபம் வந்தது. உயிர்ப்பல்வகைமையைப் பாதுகாக்க வேண்டும் என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளி வாங்கியவள்தான் நான்.

கோபம் ஆறிய பிறகு அந்த விலங்கைப் பற்றித் தேடி வாசித்தேன். எங்கள் ஊரில் ஆவுளியா என்றும் இதைச் சொல்வார்கள். ஆழமில்லாத கடலில் கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி இது. மீனைப் போல நீருக்குள் சுவாசிக்காது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமற் போனால் மூழ்கிச் செத்துவிடும். 70 வருடம்வரை வாழக்கூடியதுதான். ஆனால் பெண் விலங்கு 3 முதல் 7 வருடங்களுக்கு ஒரு தடவைதான் ஒரு குட்டி ஈனும். ஆகவே ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல வருடங்கள் வேண்டும். ஒரு காலத்தில் மன்னாரில் இறைச்சிக்காக விற்கப்பட்ட இந்த விலங்கு 1970 முதல் நமது நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் இன்று அதைக் காண்பதே அரிது.

சட்டம் கடற்பசுவைக் கொல்லக் கூடாது என்கிறது. சரிதான். ஆனால் காப்பாற்றியவனின் வலைக்கு யார் பணம் கொடுப்பது? என் சாச்சாவுக்கு யாரும் கொடுக்கவில்லை. உலகத்துக்கே சொந்தமான ஒரு உயிரைக் காப்பாற்றும் செலவு, கடனில் இருக்கும் ஒரு ஏழை மீனவனின் தலையில் விழுகிறது. யாரும் பார்க்காத கடலில், இருட்டில், தனியாக அவர் அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. எல்லா மீனவர்களும் ஒவ்வொரு முறையும் கத்தியை எடுப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கலாமா?

அதனால்தான், அருகிவரும் உயிரினங்களுக்குப் பெரிய திட்டங்களைவிடச் சிறிய உதவிகளே அவசரமாகத் தேவை என்று நான் நினைக்கிறேன். யானைக்கும் சிறுத்தைக்கும் உலகமெங்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரியாத தவளைக்கும், சேற்றில் மேயும் கடற்பசுவுக்கும் அப்படி யாரும் இல்லை. அபூதாபியில் உள்ள முஹம்மத் பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதியம் 2009 முதல் இத்தகைய உயிரினங்களுக்கும் உதவுகிறது. ஒரு திட்டத்துக்கு அது வழங்குவது ஆகக்கூடியது 25,000 டொலர். ஆனாலும் இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு அந்த உதவி போய்ச் சேர்ந்திருக்கிறது.

சிறிய முயற்சியால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு மொரிஷியஸ் தீவு பதில் சொல்லும். அங்கு வாழும் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு, 1974 இல் வெறும் 4 பறவைகளாகக் குறைந்திருந்தது. 1979 இல் கார்ல் ஜோன்ஸ் என்ற இளம் உயிரியலாளர் அங்கு அனுப்பப்பட்டார். பலன் தராத அந்தத் திட்டத்தை மூடிவிட்டு வருவதே அவருக்கு இடப்பட்ட வேலை. அவர் மூடவில்லை. கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துத் தனியாகப் பொரிக்க வைத்தார். தாய்ப் பறவை மறுபடியும் முட்டையிட்டது. கூடு கட்ட மரப்பெட்டிகள் வைத்தார். நான்காக இருந்த பறவை நூற்றுக்கணக்கில் பெருகியது.

“மனிதருக்கே சாப்பாடு இல்லை, மிருகத்துக்குக் காசா?” என்று சிலர் கேட்பார்கள். 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற பிள்ளைகள் நாங்கள். அந்தக் கேள்வியின் வலி எங்களுக்கும் தெரியும். ஆனால் கடற்பசு மேயும் அதே கடற்புல்லில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. கடற்புல் அழிந்தால் முதலில் காலியாவது மீனவனின் சட்டிதான். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை ஹதீஸில் படித்திருக்கிறோம். உயிர்களுக்குச் செய்வதும் ஸதகாதான் என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

நான் சொல்வது இதுதான். கடற்பசு சிக்கி, அதை உயிரோடு விட்ட மீனவருக்கு அறுந்த வலையின் விலையைக் கொடுக்க ஊருக்கு ஒரு சிறு நிதி வேண்டும். பொய் சொல்லிப் பணம் வாங்குவார்களே என்று பயப்படலாம். அதனால் பொறுப்பை மீனவர் சங்கத்திடமே கொடுக்க வேண்டும். யாருடைய வலை எப்போது கிழிந்தது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வலைக்குக் காசு கொடுப்பதோடு நின்றுவிடவும் கூடாது. கடற்புல் உள்ள இடங்களில் திருக்கை வலையைக் கைவிட்டு வேறு தொழில்முறைக்கு மாற விரும்புகிறவருக்கும் அந்த நிதி கைகொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் 5 ஆம் திகதி சுற்றாடல் தினத்துக்குப் பாடசாலைகளில் பதாகை அடிக்கிறோம், மேடை அலங்கரிக்கிறோம். அந்தப் பதாகையை எந்தக் கடற்பசுவும் பார்க்கப் போவதில்லை. இந்த வருடம் அந்தச் செலவில் பாதியை எங்கள் சுற்றாடல் கழகம் இப்படி ஒரு நிதிக்கு ஒதுக்கட்டும். பெற்றோரும் ஆளுக்கு ஒரு சிறு தொகை சேர்க்கட்டும். ஒரு வலையின் விலையாவது தேறும்.

“இன்னொரு முறை மாட்டினாலும் அறுப்பீங்களா?” என்று சாச்சாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கத்தி போட்டிலதான் மகள் கெடக்கு. புது வலைக்கு இன்னும் கடன் முடியல்ல” என்றார்.

அந்தக் கடனில் ஒரு பங்கு நம்முடையது.