எழுதக் கற்றுக்கொடுக்காமலே 'வராது' என்பதா?

ஏலகிரியில் அண்மையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் மூத்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பேசினார். எழுத்து பிறவியில் வருவது, அதைக் கல்லூரியில் பாடமாக வைப்பது வெட்டி வேலை என்றார். அதோடு நிறுத்தவில்லை. இங்கே படிக்க வருகிறவர்கள் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள், பிழையில்லாமல் விண்ணப்பம் எழுதத் தெரிந்தால் அவர்களுக்குப் போதும் என்றார். கைதட்டினார்கள். அவர் சொன்னதில் முதல் பாதி அறியாமை, இரண்டாம் பாதி அநியாயம்.

தமிழ் படித்தவர் வாயிலிருந்து 'எழுத்தைக் கற்பிக்க முடியாது' என்ற சொல் எப்படி வருகிறது? யாப்பருங்கலக்காரிகையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொன்னது எதற்கு? செய்யுள் இயற்றப் பழக்குவதற்குத்தானே! ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் ஆசிரியர்கள் வைத்த பயிற்சி. 1871இல் உ.வே.சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். பிள்ளையவர்கள் பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். ஒரு செய்யுள் உருவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் ஐயோவா எழுத்துப் பட்டறை 1936இல்தான் தொடங்கியது. நாம் அதற்கு வெகுகாலம் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தோம். நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் பழக்கம் வந்தபின் கைவிட்டோம்.

பேராசிரியர் ஏறிவந்த ஏலகிரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கபிலர், ஔவையார் என்று புலவர் பெயர்களும் பாரி, ஓரி என்று வள்ளல் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். பாடியவரோடு, பாடவைத்துப் பேணியவரையும் சேர்த்தே மதித்த மரபு நம்முடையது.

மலையிறங்கினால் வாணியம்பாடி. அங்கே இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். இளங்கவிஞர்களைத் தேடி வளர்த்தவர் என்று அவரைத் தமிழ்நாடே அறியும். நாமக்கல்லில் அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்த பெருமாள்முருகன், 'கூடு' சந்திப்புகளில் மாணவர்களைப் பேசவும் எழுதவும் வைத்தார். அதில் பழகியவர்கள் தங்கள் சாதி அனுபவங்களை எழுதிய கட்டுரைகளே 'சாதியும் நானும்' என்ற தொகுப்பு. அவர்களிலும் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்தாம். விண்ணப்பத்தோடு அவர்களை நிறுத்தியிருந்தால் அந்தப் புத்தகம் ஏது?

என் வகுப்பில் ஒரு மாணவி பாலாறு பற்றிக் கட்டுரை கொடுத்தாள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் கச்சிதம். 'தொழிற்சாலைக் கழிவுகளால் நீர்நிலைகள் மாசடைகின்றன' என்ற வாக்கியம் கைடில் இருப்பது. ஓரத்தில் 'உன் வீட்டில்?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்த தாளில் அவள் அப்பா இருந்தார். தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை முடித்து வந்து, வெடித்த விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, குழம்பு எரியும் என்று சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். கிணறு உப்புக்கரித்துப் போனதால் தண்ணீர் கேனுக்குக் கொடுக்கும் காசையும் எழுதியிருந்தாள். மூன்றாம் முறை எழுதியபோது, கடைசிப் பத்தியில் இருந்த அறிவுரையை அவளே அடித்துவிட்டாள். இது பிறவியிலா வந்தது? ஒரு கேள்வியாலும் இரண்டு திருத்தத்தாலும் வந்தது.

இந்த வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஆனால், அதைப் படித்து ஒரு வீட்டின் சாப்பாட்டு நேரத்தை அறிய முடியாது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வுக்கு டி.செல்வராஜின் 'தோல்' நாவல் இருக்கிறது. இந்தப் பாலாற்றங்கரையின் கதையை எழுத வேண்டிய பிள்ளைகளிடம் விண்ணப்பம் போதும் என்பவர், யாருக்காகப் பேசுகிறார்?

பேரணாம்பட்டு எழுத்தாளர் அழகிய பெரியவன் எந்தப் பட்டறையில் படித்தார் என்று பேராசிரியர் கேட்கலாம். கல்லை முட்டி முளைத்த ஒருவரைக் காட்டி, மற்றவர்களுக்குத் தண்ணீர் தேவையில்லை என்பது வாதமாகாது. கேட்க ஆளில்லாமல் எழுதாமலே போனவர்கள் எத்தனை பேர்?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்க் கல்லூரித் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். வரும் பருவத்திலேயே ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். படித்து, கேள்வி கேட்டு, மறுபடி எழுத வையுங்கள்.