பாவம், ஏ.டி.சி.யைத் திட்டாதீங்க!

புராஜெக்ட்ல 12 பிட் ஏ.டி.சி. போட்டும் ரீடிங் தப்பாவே வருதா பாஸ்? உடனே 16 பிட் வாங்கக் காசு தேத்தாதீங்க. முதல்ல அதுக்கு முன்னாடி நிற்கிற ஆப்-ஆம்ப்பைப் பாருங்க.

நம்ம லேப் ஃப்ரெண்டு 741, 1968-ல் வந்த தாத்தா. ஸ்லூ ரேட், மைக்ரோசெகண்டுக்கு சுமார் 0.5 வோல்ட். 5 வோல்ட் ஏறவே 10 மைக்ரோசெகண்ட் ஆகும். செகண்டுக்கு 10 லட்சம் சாம்பிள் எடுக்கிற ஏ.டி.சி.யோ ஒரு சாம்பிளுக்குத் தர்றது 1 மைக்ரோசெகண்ட்தான். தாத்தா படியேறுறதுக்குள்ள பஸ் போயிடும்!

சரி, வேகமான ஆப்-ஆம்ப் போட்டாச்சு. முடிஞ்சுதா? இல்லை. எஸ்.ஏ.ஆர். ரக ஏ.டி.சி.க்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர், ஒவ்வொரு சாம்பிளுக்கும் வெடுக்குனு சார்ஜை இழுக்கும். வோல்டேஜ் ஒரு ஆட்டம் ஆடும். 5 வோல்ட் ரேஞ்ச், 12 பிட்னா, சாம்பிள் முடியறதுக்குள்ள அந்த ஆட்டம் 0.6 மில்லிவோல்ட்டுக்குள்ள அடங்கணும். அதனால டேட்டா ஷீட்ல பேண்ட்விட்த்தோட நிறுத்தாம, 'செட்லிங் டைம்' எவ்வளவுனும் பாருங்க.

இன்னொரு வழி... ஏ.டி.சி. இன்புட்ல ஒரு கெப்பாசிட்டர், அதுக்கும் ஆப்-ஆம்ப்புக்கும் நடுவுல சின்ன ரெசிஸ்டர். முதலாவது, கேட்ட சார்ஜைக் கைமாத்தாகக் கொடுக்கும். ரெண்டாவது, ஆப்-ஆம்ப் ஆஸிலேட் ஆகாம பிடிச்சுக்கும். மதிப்பு ஓவரா போனா அதுவே லேட் பண்ணும், ஜாக்கிரதை!

ரிவ்யூல 'ஏன் இந்த ஆப்-ஆம்ப்?'னு கேட்டா, 'சீனியர் போட்டார் சார்'னு இனி முழிக்க வேண்டாம்!