பள்ளி விட்டதும் தறியோரம்தானா?
பிள்ளை பார்க்கும் வேலைக்குச் சம்பளம் எங்கே?

ஆரணி:
பட்டுக்குப் பேர் போன ஆரணியில் பல வீடுகளில் அப்பா தறியில்; அம்மா தார் சுற்றுகிறார். மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது?

அங்கன்வாடி 6 வயதோடு சரி. அதற்கு மேற்பட்ட பிள்ளை ஒன்று தெருவில் ஆடும். இல்லாட்டி தறியோரம் குந்தும். ஆபத்தில்லாத குடும்பத் தொழில் என்றால், பள்ளி நேரம் போகப் பிள்ளை கைகொடுக்கலாம் என்று 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமே வழிவிடுகிறது!

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை ஆட்டம், பாட்டு, கதையோடு பாடம். சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு ஊக்கத்தொகை மாதம் ரூ.1,000. தினக்கணக்குப் பார்த்தால் 33 ரூபாய் சொச்சம்!

இந்தக் காசில் யார் நிலைப்பார்? நல்ல சம்பளம் கிடைத்தால் ஜவுளிக் கடைக்கோ கம்பெனிக்கோ போய்விடுவார்கள். அவர்கள் போனால் பிள்ளை திரும்பவும் தறியோரம்தான்.

பிள்ளையை ஆட விட்டுப் பார்த்துக்கொள்வதும் உத்தியோகம்தான். அதற்குப் பயிற்சி, பதவி, மாதச் சம்பளம் வேண்டும். தொண்டு என்று பேர் வைத்தால் போதுமா?