தாத்தா நலமாக இருந்தது சான்றாகாது

"அக்கா மகளைக் கட்டினால் என்ன கெட்டுவிடும்? தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தானே!" அரக்கோணம் பக்கம் சம்பந்தம் பேசும் வீடுகளில் இந்த வாதம் இன்னும் செல்லுபடியாகிறது. துணைக்கு ஓர் ஆய்வும் உண்டு. 1970களில் வேலூர் சி.எம்.சி.யின் ராவ், இன்பராஜ் இருவரும் அன்றைய வட ஆற்காட்டில் ஆராய்ந்து, சொந்தத் திருமணத்தால் பிள்ளைப்பேற்றில் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்றார்கள்.

ஆய்வு உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. அரிதான பரம்பரை நோய் அந்த மொத்தக் கணக்கில் கரைந்துவிடும். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் சுமார் கால் பங்கு பொது. பழுதான ஒரே மரபணுவை இருவரும் சுமந்தாலும் இருவரும் திடமாகவே இருப்பார்கள்; ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. தலசீமியா வருவது இப்படித்தான், பிறவிச் செவிட்டுத்தன்மையில் பலவும் அப்படியே. நலமாக வாழ்ந்த தாத்தாவும் அந்தப் பழுதைக் கடத்தியிருக்கலாம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் மணமான பெண்களில் சுமார் 28 சதவீதத்தினர் உறவிலேயே கட்டிக்கொண்டவர்கள். இத்தனை வீடுகளைப் பயமுறுத்துவதில் பயனில்லை. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் உறவு விலகினால் போதும் என்பதும் அரைகுறைப் பேச்சு. ஆந்திர எல்லைக்கு இருபுறமும் வாழும் வைசியர்களிடம் ஒரு நொதிக் குறைபாடு அதிகம். அது உள்ளவருக்கு அறுவைச் சிகிச்சையில் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்தால் தசைகள் நெடுநேரம் செயலிழந்து கிடக்கும். தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே கட்டியதன் விளைவு இது.

தலசீமியாவைச் சுமப்பவரா என்பதைத் திருமணத்துக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் அறியலாம். ஜாதகம் பார்க்கும் வாரத்திலேயே அதையும் பார்த்துவிட முடியும்.